ஞாயிற்றுக்கிழமைத் தபால்



நான் இன்று சொல்லப்போவது அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் என்பவரைப் பற்றியாகும். அவர் 1780-ல், காடும் கோட்டையுமாயிருந்த கென்டக்கி எல்லைப்புறத்தில் பிறந்தவர். 1802-ல் வக்கீலானார், 1807-ல் காங்கிரஸ் கீழ்ச்சபைக்கும், 1819-ல் செனட் சபைக்கும் போனார்.

அக்காலத்தில் கடனைத் தீர்க்க வழியில்லாத ஏழையைச் சிறையில் தள்ளுவது சட்டமாயிருந்தது. சிறையில் கிடப்பவன் எப்படிச் சம்பாதிப்பான், எப்படிக் கடனைத் தீர்ப்பான் என்று எவரும் யோசிக்கவில்லை. இதை ஒழிக்க ஜான்சன் 1822-ல் மசோதா கொண்டுவந்தார். பத்து வருஷம் விடாமல் போராடிய பிறகு 1832-ல் அது சட்டமாயிற்று.

அடுத்தது தபால் சங்கதி. தபால் வருகிற நாளெல்லாம் தபாலாபீஸ் திறந்திருக்கவேண்டுமென்று 1810-ல் சட்டம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று தபால் கூடாது என்று பாதிரிமார்களும் பக்தர்களும் மகஜர்களைக் குவித்தார்கள். 1829-ல் ஜான்சனைத் தலைவராகக் கொண்ட செனட் கமிட்டி பதில் சொல்லிற்று. என்னவென்றால், சனிக்கிழமை புனிதமென்பவர் யூதர். ஞாயிறு புனிதமென்பவர் கிறிஸ்தவர். எல்லா நாளும் ஒன்றே என்பவரும் உண்டு. எல்லோருடைய உரிமையையும் காப்பாற்றுவதே சர்க்காரின் வேலை. எது கடவுளின் நாள் என்று தீர்ப்புச் சொல்வதல்ல என்பதாகும். இதைச் சொன்னவர் நாஸ்திகரல்லர் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் தோழர்களே, இவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அவ்வடிமைகளில் ஒருவரான ஜூலியா சின் என்ற அம்மையாரையே மனைவியாகப் பாவித்து, இரண்டு பெண்மக்களையும் பகிரங்கமாகத் தம் மக்களென்று வளர்த்தார். வெள்ளையருக்கு அவர் அடிமை வைத்தது குற்றமாகத் தோன்றவில்லை. அடிமையை மனைவியென்றதுதான் குற்றமாயிற்று! 1836-ல் உப ஜனாதிபதி தேர்தலில் வர்ஜீனியாவின் 23 எலெக்டர்கள் அவருக்கு ஓட்டளிக்க மறுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டுக் குறைந்துபோய், 1837-ல் செனட் சபையே அவரைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று.

அவராவது அந்த அம்மையாரை விடுதலை செய்தாரா? இல்லை. 1833-ல் காலராவில் சாகிறவரை அவர் சட்டப்படி அடிமையாகவே இருந்தார். கடனாளிக்குச் சிறை கூடாதென்று வாதாடியவருக்குத் தன் வீட்டுச் சிறை கண்ணில் படவில்லை.

ஆகவே தோழர்களே! எவரையும் பெரிய மனிதர் என்று கும்பிடாதீர்கள். அவர் சொன்ன சரியைச் சரியென்று எடுத்துக்கொள்ளுங்கள். செய்த தப்பைத் தப்பென்று தைரியமாய்ச் சொல்லுங்கள். இவ்வளவே நான் கேட்டுக்கொள்வது.