கூடுவாஞ்சேரிக் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"புறநகரில் குடியிருப்பது சிக்கனமா?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பைக் கொடுத்த செயலாளர் என் வகுப்புத் தோழர்தான். அவர் இதை விளையாட்டாகக் கொடுக்கவில்லை, உள்நோக்கத்தோடுதான் கொடுத்திருக்கிறார். 1991-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் இன்னும் ஐந்து பேரையும் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலேற்றி, கூடுவாஞ்சேரிக்கு அழைத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு மனை வாங்க வைத்த புண்ணியவான் நான்தான். ஆகவே இது உரை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாக்கி நிற்கும் ஒரு கணக்கை ஒப்படைக்கிற வேலை.

அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் மனை விற்பவர்களின் வேன் நின்றது. மதியம் சாப்பாடு, பாயசம், கையில் ஒரு வண்ண வரைபடம். "ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷம் சார்" என்றார் அந்த ஆள். உண்மைதான், அஞ்சு நிமிஷம்தான். வேனில்! நடந்தால் முப்பத்தைந்து நிமிஷம். அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்த உரையே தேவைப்பட்டிருக்காது.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னை தெற்கே நீண்டதற்குக் காரணம் ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே ஊர் வளர்ந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தள்ளிப் போனார்கள். நகரத்துக்குள் இருந்த மிருகக்காட்சி சாலையே 1985-ல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. சிங்கத்துக்கே கட்டுப்படியாகாத ஊரில் ஒரு குமாஸ்தா என்ன செய்வான்? வண்டலூரையும் தாண்டிப் போனான்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய கோட்பாடு உண்டு. ஜெர்மானியர் ஃபான் தூனன் 1826-ல் வெளியிட்ட நூலில், சந்தையிலிருந்து தூரம் போகப் போக நிலத்தின் வாடகை குறையும், வண்டிச் சத்தம் கூடும் என்று காட்டினார். 1964-ல் வில்லியம் அலோன்சோ என்ற அமெரிக்கர் அதையே நகரத்து வீடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார். அதாவது தூரத்து வீடு மலிவாக இருப்பதே, தூரத்துக்காக நாம் வேறு வழியில் பணம் கொடுப்பதால்தான். சிகாகோவில் ஓர் ஆய்வு அமைப்பு, வீட்டுச் செலவை மட்டும் பார்க்காதே, போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார், இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த வீடு உனக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லி வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு பத்தி விட்டுப்போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதாமல் தூக்கம் வராது. 1994-ல் மேற்கு மாம்பலம் போர்ஷனைக் காலி செய்துவிட்டு, கட்டிய வீட்டுக்குக் குடிபோனதும் ஒரு நோட்டுப் போட்டேன். மாம்பலத்தில் வாடகை 1,300 ரூபாய். அதே அளவு வீடு கூடுவாஞ்சேரியில் அப்போது 500 ரூபாய்க்குக் கிடைத்தது. சொந்த வீடானாலும் அந்த 500-ஐ எனக்கு நானே வாடகையாக எழுதிக்கொண்டேன். அப்படித்தான் எழுத வேண்டும். ஆக, மாதம் 800 மிச்சம்.

அந்த 800-லிருந்து கழிக்க ஆரம்பித்தேன். சீசன் டிக்கெட் கூடுதல் தொகை பெரிதில்லை. ரயில் மட்டும்தான் ஏழைக்கு நியாயம் செய்தது என்று இன்றைக்கும் சொல்வேன். வலி கொடுத்ததெல்லாம் ரயிலுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தது. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓட ஒரு டி.வி.எஸ். 50, அதற்குப் பெட்ரோல், வண்டி நிறுத்த ஸ்டாண்டுக் காசு, மழைக்காலத்தில் சேற்றில் இறங்கினால் மெக்கானிக். பையனுக்கு ஸ்கூல் வேன். டாக்டர், கல்யாணம், காதுகுத்து எல்லாமே மாம்பலத்தில்தான், ஆகவே மாதம் நாலு தடவை குடும்பத்தோடு பயணம். எல்லாம் போக மிஞ்சியது மாதம் 320 ரூபாய். பரவாயில்லையே என்று நோட்டை மூடி வைத்தேன்.

இப்போது விட்டுப்போன பத்திக்கு வருகிறேன்.

என் மனைவி மயிலாப்பூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். சம்பளம் 1,600. காலை வண்டியைப் பிடித்து, மாம்பலத்தில் இறங்கி, பஸ் மாறி மயிலாப்பூர். மாலையில் அதே வழி. அப்போது மீட்டர் கேஜ் வண்டிகள். தாம்பரம் வரை அடிக்கடி வரும், தாம்பரத்தைத் தாண்டும் வண்டி எப்போதாவதுதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருந்தே கால் வீங்கிவிடும். 1996 மழைக்காலத்தில் ஒரு நாள் வண்டிகள் தாமதம். நானும் அவரும் ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்தோம். எல்.கே.ஜி. படிக்கும் பையன் பக்கத்து வீட்டுத் திண்ணையில், ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா, "சாப்பிடக் கூப்பிட்டேன், அம்மா வந்தாத்தான் சாப்பிடுவேன்னுட்டான்" என்றார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார்.

அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது, இரண்டாவது சீசன் டிக்கெட் மிச்சம் என்று நோட்டில் ஒரு வரவு வேறு எழுதினேன்! பல வருஷம் கழித்து, அவரோடு வேலை பார்த்த அம்மாள் ஒருவர் ஓய்வு பெற்று, பி.எஃப்., கிராஜுவிட்டி வாங்கிய விருந்துக்குப் போய்விட்டு வந்தோம். ரயிலில் அவர் கேட்டார்: "ஏங்க, அந்த நோட்டுல என் சம்பளத்தை எந்தப் பக்கத்துல எழுதுனீங்க?"

எழுதவே இல்லை. மாதம் 320 மிச்சம் பிடிக்க 1,600 போயிருக்கிறது. நான் படித்த பி.காம். அதைக் கவனிக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் அப்படி வேலையை விட்ட பெண்கள் நாலு பேர். நாலு வீட்டிலும் புருஷன்மார் "புறநகர் ரொம்ப சீப்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் பங்குக்கு நான் கொடுத்தது நேரம். மாம்பலத்திலிருந்து பாரிமுனை ஆபீஸுக்குப் போய்வர ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. கூடுவாஞ்சேரியிலிருந்து மூணு மணி நாற்பது நிமிஷம். தினம் இரண்டு மணி இருபது நிமிஷம் கூடுதல். வருஷம் 300 நாள் என்றால் 700 மணி நேரம். 2020 தொடக்கத்தில் ஓய்வு பெறும்வரை 26 வருஷம், 18,200 மணி நேரம். இருபத்து நாலால் வகுத்தால் 758 நாள். இரண்டு வருஷத்துக்கும் மேல் இரவும் பகலுமாக ரயிலிலும் பிளாட்பாரத்திலும் இருந்திருக்கிறேன். அதில் நல்ல சிநேகிதம் கிடைத்தது, சீட்டாட்டம் கற்றேன், தொடர்கதைகள் படித்தேன். எல்லாம் நஷ்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பையன் எப்போது சைக்கிள் ஓட்டக் கற்றான் என்று எனக்குத் தெரியாது.

"என்னய்யா, மனை விலை எங்கேயோ போய்விட்டதே, அதைச் சொல்லவில்லையே?" என்று முன் வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். விலை ஏறியது உண்மை. மாம்பலத்திலேயே வாடகைக்கு இருந்துவிட்ட நம் நண்பர் ஒருவர் ஒன்பது வீடு மாறினார். ஓய்வு பெற்றபோது சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை. அவரைப் பார்த்தால் நான் செய்தது சரி என்றே தோன்றும். ஆனால் அந்த ஏழு பேரில் இரண்டு பேர் மனையை வாங்கிப் போட்டுவிட்டு மாம்பலத்திலேயே தொடர்ந்து குடியிருந்தார்கள். விலை அவர்களுக்கும் அதே அளவுதான் ஏறியது. அவர்கள் மனைவிமார் வேலையும் போகவில்லை. மனை வாங்குவது வேறு, குடி போவது வேறு. நான் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி, மனையின் லாபத்தை வீட்டின் சிக்கனம் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு மன்னிப்பும் பாக்கி. "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றால் போதும் என்று உறுதி சொன்னவனும் நானே. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, நம்மில் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக மனையை விற்க முயன்றுகொண்டிருந்தார். அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டி முடிப்பதற்குள் கல்யாணம் கடனில் நடந்து முடிந்துவிட்டது. அவர் இன்றைக்கும் என்னோடு சிரித்துப் பேசுகிறார். அது அவர் பெருந்தன்மை.

தண்ணீரைப் பற்றி நீட்டவில்லை. மலிவான மனை பல இடங்களில் தாழ்வான மனைதான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். மழையில் வெள்ளம், வெயிலில் கேன் தண்ணீர்.

இன்றைய மாணவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. மகேந்திரா சிட்டியிலோ ஒரகடத்திலோ வேலை கிடைத்தால் கூடுவாஞ்சேரிதான் உங்களுக்கு நகரம், மாம்பலம்தான் புறநகர். 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர் பஸ் நிலையமே கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. 2025-ல் ஏ.சி. மின்சார ரயிலும் வந்தது. நாங்கள் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தோம், முப்பது வருஷம் கழித்து ஊர் எங்களைத் தேடி வந்தது. என் மனைவி வேலைக்குப் போயிருக்க வேண்டியது அந்த முப்பது வருஷத்தில்!

என் மகனுக்குச் சிறுசேரியில் வேலை, மருமகளுக்குக் கிண்டியில். இப்போது எங்களுக்கும் தெற்கே ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் "ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்" என்று போட்டிருக்கிறது. "எதுலடா பத்து நிமிஷம்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. போய் நடந்து பார்த்துவிட்டு வா, மழை பெய்யும்போது ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். இருபது நிமிஷத்துக்குள் நடக்க முடிகிற வீடென்றால் அந்த மலிவு நிஜம். அதற்கு மேல் என்றால் சிறுசேரிக்கு ஒரு பைக், ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்கூட்டர், இரண்டுக்கும் தவணை, பெட்ரோல் என்று எழுத ஆரம்பிக்க வேண்டும். குரோம்பேட்டையில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, வாடகைக்கு வருகிறது. ஒரு ரூம் குறைவு. கிண்டி அங்கிருந்து அரை மணிக்குள். மருமகளுக்கு அதில்தான் மனசு. மகனுக்குச் சொந்த வீட்டின் மேல் ஆசை. என் பழைய நோட்டை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டிருக்கிறது. போட்டவர் என் மனைவி. இன்னும் அவர்கள் முடிவு செய்யவில்லை.

கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள், பதில் சொல்கிறேன். கை கழுவியதும் கிளம்பிவிடுவேன். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும்.