தீபாவளி இரவும் தில்லிக் காற்றும்



தீபாவளிப் புகையைப் பற்றிப் பேசும்போது பட்டாசையே குறை கூறுகிறோம். அது எந்தக் காற்றில் வெடிக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தில்லியில் ஐப்பசி அமாவாசைக்குள் மழைக்காலம் ஓய்ந்து காற்றின் வேகம் தணிந்துவிடுகிறது. பகலில் வெயிலால் சூடேறிய காற்று மேலெழுந்து புகையைக் கலைக்கும். இரவிலோ தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்குகிறது. அதன்மேல் வெப்பக் காற்று, பானைக்கு மூடியிட்டாற்போல் அமர்ந்துவிடுகிறது. மோட்டார் வண்டிகளின் புகையும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல் தாளின் புகையும் அம்மூடிக்குள் முன்னரே குடிபுகுந்திருக்கும். அதன் பின்னர்தான் நாம் திரி கொளுத்துகிறோம்.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. ஒரு கன மீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டின் வரம்பு. தீபாவளி நள்ளிரவில் கருவிகள் இதைப்போல் பல மடங்கைக் காட்டுகின்றன.

2015-ஆம் ஆண்டில் மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரால் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. அவ்வழக்கில் 2018 அக்டோபரில் பிறந்த தீர்ப்பு, புகை குறைந்த பட்டாசுகளை மட்டும் இரவு 8 மணி முதல் 10 மணி வரை வெடிக்க அனுமதித்தது. பேரியம் உப்புகளை விலக்கியது. இப்பட்டாசுகளுக்குப் 'பசுமைப் பட்டாசு' என்று பெயர் வழங்குகிறது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயர் உவப்பாக இல்லை. வாணத்தில் பச்சை ஒளி தருவதே பேரியந்தான். அதை நீக்கியதற்குப் 'பசுமை' என்று பெயர்! வேடிக்கை ஒருபுறமிருக்க, இவற்றில் துகள் குறைவது சுமார் 30 சதவிகிதமே. எஞ்சிய புகை அந்த மூடிக்குள்தான் தங்குகிறது. 'புகை குறைந்த பட்டாசு' என்றே அழைத்திருந்தால், வாங்குவோர் இரண்டு பெட்டிக்குப் பதில் ஒன்றோடு நின்றிருக்கக் கூடும்.

அடியோடு தடுத்துவிடலாம் என்போர் சிவகாசியை நினைக்கவேண்டும். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது; மழை குறைந்த அவ்வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிவது அதனால்தான். 2025-இல் உச்ச நீதிமன்றம் தில்லியிலும் இவ்வகைப் பட்டாசுகளுக்கு இரு நாட்களுக்கு மட்டும், காலை 6 முதல் 7 வரையும் இரவு 8 முதல் 10 வரையும் இடமளித்தது. ஆயினும் நள்ளிரவு கடந்தும் வெடியோசை ஓயவில்லை. அந்நேரத்துப் புகைதான் விடியும் வரை கலைய வழியின்றித் தேங்குவது.

ஆதலால் வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பின், மறுநாள் வெயில் நன்கு ஏறும்வரை சன்னல்களைச் சாத்தியே வையுங்கள். முதியோர் அன்று காலை உலாவச் செல்லாதிருப்பது நலம்.