ஆழம் அறிந்து இறங்குவோம்



நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, கடலுக்கு அடியில் இரும்பை உருக்கி ஒட்டுகிறார்கள் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். கப்பலின் அடிப்பாகம், துறைமுகத் தூண், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, கடலடியில் கிடக்கும் குழாய் ஆகியவற்றைப் பழுது பார்க்க இந்த வேலை தேவைப்படுகிறது. நம் நாட்டிலும் திரெங்கானு, சபா, சரவாக் கடல்களில் எண்ணெய் மேடைகள் பல நிற்கின்றன.

இந்த வேலைக்கு நல்ல சம்பளம் உண்டு என்ற பேச்சு தோட்டப்புறங்களுக்கும் வந்துவிட்டது. "பையனை இதற்கு அனுப்பலாமா? நகையை அடகு வைத்தாவது பணம் கட்டலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இன்றைய உரை.

முதலில், நீருக்குள் நெருப்பு எப்படி எரிகிறது என்று பார்ப்போம். 1932ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு அறிஞர் கான்ஸ்டன்டின் கிரெனோவ் இதற்கு வழி கண்டார். வெல்டிங் குச்சியின் மேல் ஒரு மருந்துப் பூச்சு இருப்பதை நம் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அது எரியும்போது வாயு கிளம்புகிறது. நீருக்கடியில் அந்த வாயு ஒரு குமிழியாகச் சூழ்ந்து நின்று, நெருப்பைத் தண்ணீர் நெருங்காமல் காக்கிறது. குச்சியின் பூச்சு தண்ணீரில் ஊறிவிடாமல் இருக்க, அதன் மேல் இன்னொரு பாதுகாப்புப் பூச்சும் இடுகிறார்கள்.

இப்படி ஒட்டிய இடத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் உடனே குளிர்வித்துவிடும். அதனால் ஒட்டு எளிதில் நொறுங்கக்கூடியதாகவோ வெடிப்பு விட்டதாகவோ ஆகலாம். ஆகவே மிக உறுதியாக இருக்கவேண்டிய இடங்களில், பழுதான பகுதியைச் சுற்றி ஓர் அறை அமைத்து, வாயுவைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி, உலர்ந்த நிலையில் ஒட்டுவதும் உண்டு.

இனி, இதற்கு என்ன தேவை என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி நிலத்தில்தான் இருக்கிறது. நிலத்தில் நன்றாக ஒட்டத் தெரியாதவர் நீரில் ஒட்ட முடியாது. தட்டையாக வைத்து ஒட்டுவது, பக்கவாட்டில் ஒட்டுவது, கீழிருந்து மேலாக ஒட்டுவது, தலைக்கு மேலே ஒட்டுவது என்று பல நிலைகள் உள்ளன. குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் ஒட்டிக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. 6ஜி என்று அதற்குப் பெயர். அதில் தேறியவரின் கைக்குத் தனி மதிப்பு. கலங்கிய துறைமுகத் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைப்பழக்கமே வழிகாட்டும்.

இந்தப் பயிற்சியை ஐ.எல்.பி. எனப்படும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் கியாட்மாரா நிலையங்களிலும் பெறலாம். அங்கே பெறும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் எஸ்.கே.எம். படிப்போருக்கு பி.டி.பி.கே. கடனுதவியும் இருக்கிறது.

இரண்டாம் படி உடல். காது, மூக்கு, நுரையீரல், இதயம் ஆகியவை சீராக இருக்கவேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கும் காதில் அடிக்கடி சீழ் வடிபவருக்கும் இந்த வேலை ஆகாமல் போகலாம். முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் முன்னதாகவே சோதித்துக்கொள்வது நல்லது. குறையை மறைத்து வேலைக்குச் சேர்பவர் மருத்துவரை ஏமாற்றுவதாக நினைக்கலாம். ஏமாறுவது அவருடைய உயிர்தான். நீச்சலும் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் பழைய ஈயக் குட்டைகளிலும் ஆற்றிலும் தாமாகவே பழகுவது கூடவே கூடாது. ஆசிரியர் இருக்கும் நீச்சல் குளமே ஏற்ற இடம்.

மூன்றாம் படி தொழில்முறை முக்குளிப்புப் பயிற்சி. சுற்றுலாத் தீவுகளில் சில நாளில் கிடைக்கும் விளையாட்டு முக்குளிப்பு அட்டையைக் கொண்டு இந்த வேலைக்குப் போக முடியாது. தொழில்முறையில் மூச்சுக்காற்று பெரும்பாலும் மேலேயிருந்து குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருவர் நிற்பார். புதிதாகச் சேர்பவர் முதலில் செய்வது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

அது சிறிய வேலை அன்று. கீழே இருப்பவர் "மின்சாரம் கொடு" என்று சொன்னால்தான் மேலே இருப்பவர் சுவிட்சைப் போடுவார். குச்சியை மாற்றும்போது "நிறுத்து" என்றதும் நிறுத்திவிடுவார். ஒருவர் கவனம் பிசகினால் மற்றவருக்கு ஆபத்து.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 10 மீட்டர் ஆழத்தில் நம் உடல்மீது அழுத்தம் இரு மடங்காகிறது. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறதல்லவா? விரைந்து மேலே வந்தால் உடலுக்குள்ளும் அவ்வாறே குமிழிகள் தோன்றும். மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம், மரணம் வரை அது போகலாம். படிப்படியாக நின்று நின்று மேலேறும் முறையை 1908ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் வகுத்தளித்தார். இன்றும் அட்டவணை பார்த்தே மேலேறுகிறார்கள்.

இன்னோர் ஆபத்து உறிஞ்சல். குழாயின் உள்ளே அழுத்தம் குறைந்தும் வெளியே மிகுந்தும் இருந்தால், திறந்த வாய் ஆளையே இழுத்துவிடும். 2022 பிப்ரவரி 25ஆம் நாள் டிரினிடாட் தீவில் எண்ணெய்க் குழாய் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஐந்து முக்குளிப்பாளர்கள், 30 அங்குல அகலமுள்ள அந்தக் குழாய்க்குள் இழுக்கப்பட்டனர். ஒருவர் மட்டுமே உயிரோடு வெளியே வந்தார். அனுபவசாலிகளுக்கும் இப்படி நேரும். அதனால்தான் வேலைக்கு முன் எல்லா வழிகளையும் ஆராயவேண்டும். "இது சரியில்லை, நான் இறங்கமாட்டேன்" என்று மேலாளரிடம் சொல்லும் துணிவும் வேண்டும்.

நேயர்களே, பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தாரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை யார் தருகிறார்கள்? கடலில் வேலை தரும் கம்பெனிகள் அதை ஏற்கின்றனவா? எண்ணெய்க் கம்பெனிகளின் வேலைக்குப் பெரும்பாலும் இம்கா என்னும் அனைத்துலகக் கடற்பணிச் சங்கம் ஏற்கும் சான்றிதழைக் கேட்பார்கள். எத்தனை மணி நேரம் நீருக்கடியில் பயிற்சி? மருத்துவச் சோதனை உண்டா? அழுத்தச் சிகிச்சை அறை அருகில் இருக்கிறதா? பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் பணத்தை எடுத்து நீட்டவேண்டாம். பெரிய சம்பளத்தை மட்டும் பேசுகிறவர், வேலை தொடர்ந்து கிடைக்காத மாதங்களைப் பேசமாட்டார். நாள் முழுதும் பற்றவைப்பே வேலை என்பதும் இல்லை. பாசியைச் சுரண்டுவது, சோதித்துப் பார்ப்பது, திருகுவது, வெட்டுவது ஆகியவற்றிலேயே பெரும்பொழுது கழியும்.

அடகு வைக்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். முதற்படியை முடிக்காமல் மூன்றாம் படிக்குக் கடன் வாங்காதீர்கள். முதலில் எஸ்.கே.எம். பெறட்டும், பட்டறையில் ஓரிரண்டு ஆண்டு உழைக்கட்டும், மருத்துவர் சரி என்று சொல்லட்டும். அப்போதும் ஆர்வம் குறையாமல் இருந்தால் கடலுக்கு அனுப்புங்கள். மகளுக்கு ஆர்வம் இருந்தாலும் வழி இதுவே. ஒருவேளை கடல் ஒத்துவராமல் போனால், கற்ற வெல்டிங் கைவிட்டுப் போகாது. செம்பனை ஆலையிலும் லூமுட், பாசிர் கூடாங் கப்பல் பட்டறைகளிலும் நல்ல கைக்கு வேலை உண்டு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர். ஆழத்தை அளந்தபின் இறங்கவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அளந்து இறங்கட்டும், வென்று கரையேறட்டும்.