கோடு கிழித்த கடலுக்குக் காவல் யார்?



இராமேசுவரத்திலிருந்து கோடியக்கரை வரை ஒரு கரையும், தலைமன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை மறுகரையுமாகக் கிடக்கும் பாக்கு விரிகுடா ஆழ்கடல் அன்று. அதன் பெரும்பகுதி பதின்மூன்று மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வெயில் அடித்தரை வரை இறங்குவதால் அங்கே கடற்புல் செழிக்கிறது. மீனவர் தாழை என்று அழைக்கும் இக்கடற்புல் பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேரும் தண்டும் உடையது, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் செடி அது. இறால் குஞ்சும் நண்டும் அந்தத் தாழைக்குள் ஒளிந்து வளர்கின்றன. கடற்பசு என்று நூல்களும் ஆவுளியா என்று கடற்கரை மக்களும் சொல்லும் பாலூட்டி, நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ தாழையை மேய்ந்து உயிர் வாழ்கிறது.

இந்தக் கடலின் குறுக்கே 1974 ஜூன் மாதத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட அந்த எல்லை உடன்பாட்டைத் தொடர்ந்து, 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வரையப்பட்டது. அக்கோட்டால் இலங்கைப் பக்கம் போன கச்சத்தீவு என்ற சொல்லைக் கேட்டாலே இந்த அவை கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக மேடைகள் பெரிதும் பேசாத இன்னொரு குறை அவ்வுடன்பாடுகளில் இருக்கிறது: கோட்டுக்கு இருபுறமும் உள்ள நீரையும் உயிரையும் சேர்ந்து காப்பதற்கு ஒரு கூட்டு அமைப்பை இரண்டு அரசுகளும் ஏற்படுத்தவில்லை.

அதே 1974ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பால்டிக் கடலைச் சூழ்ந்த ஏழு நாடுகள் ஹெல்சிங்கி நகரில் கூடின. சோவியத் ஒன்றியமும் போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் ஒரு முகாம்; டென்மார்க்கும் மேற்கு ஜெர்மனியும் எதிர் முகாம்; ஸ்வீடனும் பின்லாந்தும் இடையில். ஒன்றையொன்று ஏவுகணையால் குறிவைத்திருந்த காலத்தில் அவை ஒரே தாளில் கையெழுத்திட்டன. நிலத்திலிருந்து வரும் கழிவு, கப்பலிலிருந்து கொட்டப்படும் கழிவு, காற்றில் வந்து படியும் நஞ்சு என ஒரு கடலை அழிக்கும் எல்லா வாயில்களையும் ஒரே உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தது உலகில் அதுவே முதன்முறை. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கிய வெண்வால் கடற்கழுகு அந்தக் கரைகளுக்கு மீண்டு வந்தது. சில ஆயிரமாகச் சுருங்கியிருந்த சாம்பல் கடல்நாய்கள் இன்று பல்லாயிரமாகப் பெருகியுள்ளன. உரம் கலந்த வயல்நீரால் வரும் பாசிப்பெருக்கு அங்கே இன்னும் தீரவில்லை, 2022இல் மூண்ட உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யாவுடன் கூடிப் பேசுவதும் நின்றிருக்கிறது. ஆயினும் பகைவரால் முடிந்தது, ஒரே மொழி பேசும் இரு கரை மக்கள் வாழும் இந்தக் கடலில் ஏன் முடியவில்லை?

முடியாது என்பவர்கள் 2020 செப்டம்பரை நினைவுகூர வேண்டும். இரண்டு லட்சத்து எழுபதாயிரம் டன் கச்சா எண்ணெயுடன் இலங்கையின் கிழக்கே நியூ டயமண்ட் என்ற கப்பல் தீப்பற்றியபோது, இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவற்படையும் நாட்கணக்கில் சேர்ந்து தீயை அணைத்தன. கப்பலின் சரக்கு எண்ணெய் கடலில் கலக்காமல் தப்பியது. அடுத்த ஆண்டு கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக்கப்பல் எரிந்தபோதும் அவ்வாறே கப்பல்கள் விரைந்தன. எனினும் அது மூழ்கியது. அதிலிருந்த பருப்பளவு வெண்ணிற நெகிழி மணிகள், ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு டன், கடலில் கொட்டிக் கரையெங்கும் மணலோடு மணலாகக் கலந்தன. கப்பல் எரியும்போது கைகோக்கும் அரசுகள், கடலின் அடித்தரை அழியும்போது கைகோக்காதிருப்பதுதான் இந்த அவை எழுப்ப வேண்டிய வழக்கு.

அடித்தரையை அழிப்பது இழுவைமடி. பை போன்ற அவ்வலையின் வாயை இரு பலகைகள் விரித்துப் பிடிக்க, அடிக்கயிற்றில் கோத்த இரும்பும் ஈயமும் தரையை உரசிச் செல்ல, தாழை வேரோடு பெயர்ந்து, கலங்கிய சேறு எஞ்சிய தாழையின் மேலும் படிகிறது. வலையில் ஏறும் விற்கத் தகாத சிறுமீன் கழிசல் என்ற பெயரில் தீவன ஆலைக்குப் போகிறது. இந்த மடியும் ஒரு பன்னாட்டு ஒத்துழைப்பின் வழியாகவே வேரூன்றியது என்பது கசப்பான வரலாறு: 1952இல் ஐ.நா.வின் துணையோடு கையெழுத்தாகிக் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், மீனை மிகுதியாகப் பிடிக்கக் கற்றுத்தந்தது.

இங்கே சிலரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோட்டைத் தாண்டியதாக மீனவர் கைதாகும் நாளில் மட்டும் கடற்கரைக்கு வருபவர்கள், சிறைப்பட்டவரின் வீட்டுக் கண்ணீரை ஒலிபெருக்கிக்குத் தீனியாக்குபவர்கள், இழுவைமடி போடும் விசைப்படகின் உண்மையான முதலாளி யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிறைக்குப் போவது கூலிக்குப் படகேறியவர். மறுகரையில், இலங்கை உள்நாட்டுப் போரினால் பல ஆண்டுகள் கடலே மறுக்கப்பட்டு, மீண்டும் தொழிலுக்கு வந்த வடபுலத்து மீனவர் கடன் வாங்கிப் போட்ட வலை இந்த இழுவைமடியில் சிக்கி அறுபடுவதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது என்பதால் சொல்வதில்லை. அறுபடும் வலையும் தமிழரின் வலையே என்பதை இந்த மேடை சொல்லும்.

இதற்கு நேர்மாறான ஒரு மனிதர் உண்டு. தஞ்சைக் கடற்கரையில் சிறுபடகில் போகும் அவருடைய பெயர் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. வலை கனத்ததும் பெருமீன் என்று மகிழ்ந்து இழுத்தவர், உள்ளே ஆவுளியா மூச்சுக்காகத் திமிறுவதைக் கண்டதும் கத்தியை எடுத்துத் தம் வலையைத் தாமே அறுத்து அதை விடுகிறார். அதன் இறைச்சிக்கு விலை இருந்தது என்பதை அவர் அறிவார்; அறுந்த வலையைத் தைக்க எத்தனை நாளாகும் என்பதையும் அறிவார். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியை ஈனும் அவ்விலங்கு, இந்தியக் கடல்களில் சில நூறே எஞ்சியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அத்தகைய மீனவர்களின் துணையை நம்பியே 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. அக்காப்பகம் கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. தாழைக் காடு அப்பாலும் தொடர்கிறது.

அந்தப் பெயரில்லாத மனிதரின் கூட்டத்தாருக்கு உடன்பாடு செய்யவும் தெரியும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பாக்கு விரிகுடாவில் கடலையே நாளாகப் பங்கிட்ட முறை மோதல்களின் நடுவே பிறந்தது. 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் கூடி, இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதென ஒப்புக்கொண்டு கூட்டுப் பணிக்குழு அமைத்தனர். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கி, இலக்கான இரண்டாயிரம் படகுகளுக்கு வெகு தொலைவிலேயே நின்றுவிட்டது. தெற்காசியக் கடல்களுக்கென 1995இல் ஏற்ற செயல்திட்டமும் உண்டு. ஆனால் நாடுகளைக் கட்டுப்படுத்தும் தனி உடன்படிக்கை அதற்கு இல்லை.

ஆகவே இந்த அவை இரு அரசுகளையும் கேட்பது இது: பாக்கு விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் சட்ட வலிமையுள்ள ஒரு கூட்டு ஆணையம் வேண்டும். இரு கரைத் தாழைக்காட்டையும் ஒரே வரைபடத்தில் பதிவது அதன் முதல் வேலையாகட்டும்; இழுவைமடியை விட்டு வருபவரின் கடனை அடைக்கும் பொறுப்பு இரண்டாவதாகட்டும். இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் மாறிமாறி அதன் கூட்டம் நடக்க வேண்டும். அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் உள்ள அதே வாக்குரிமையோடு இரு கரை நாட்டுப்படகு மீனவரும் அதில் அமர வேண்டும்.