கட்டி வைத்தவரே பொறுப்பாளி

 



இறைவழியில் ஈமானுடன் ஒரு குதிரையை வளர்ப்பவருக்கு, அது உண்ட தீனியும் குடித்த நீரும் மட்டுமன்று, அதன் சாணமும் சிறுநீரும்கூட மறுமையில் நன்மைத் தராசில் நிறுக்கப்படும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் ஒன்றை, வல்ல நாயன் கூலிக்குரியதாக ஆக்கியிருக்கின்றான். லாயத்தைக் கூட்டுபவரின் உழைப்பு வீண் போவதில்லை.

மற்றொரு செய்தியையும் நீங்கள் அறிவீர்கள். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள். அடைத்து வைத்த உயிரின் தேவை முழுவதும் அடைத்து வைத்தவரின் பொறுப்பாகிவிடுகின்றது. இஃது ஓர் அமானிதம்.

இந்த அமானிதம் பாழான வரலாறு நம் மண்ணிலேயே உண்டு. கும்பகோணத்தை அடுத்த பழையாறையைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று சோழர் படைகளின் பெயர் தாங்கிய ஊர்கள் இன்றும் உள்ளன. 1279இல் சோழராட்சி முடிவுற்றுக் காவிரி நாடு பாண்டியர் வசமானது. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் காயல் முதலிய துறைமுகங்களில் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார்.

அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரியாததே காரணம் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறிப்பிடுகின்றார். 40 நாட்கள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டுவர் என்கிறார் வஸ்ஸாஃப். பயணிகளின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் இருவர் கூற்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இதனினும் வேதனையான ஒன்றையும் மார்க்கோ போலோ சொல்கின்றார். குதிரைகள் பிழைத்துவிட்டால் விற்பனை குறையும் என்று அஞ்சி, குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வராதவாறு வணிகர்களே தடுத்தார்களாம். அவ்வணிகத்தில் முன்னின்றோர் முஸ்லிம்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வாயில்லா ஜீவனின் சாவில் இலாபம் காண்பது எவ்வகையில் ஹலாலான சம்பாத்தியம்? அறிவு இந்நாட்டில் இல்லாமலும் இல்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்துள்ளது. ஏட்டில் இருந்தது லாயத்திற்கு வரவில்லை.

அன்பானவர்களே! கட்டப்பட்ட குதிரை தன் அசுத்தத்தை விட்டு நகர இயலாது. சிறுநீர் ஊறிய தரையில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகும். அதிலிருந்து எழும் காரநெடி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். ஆகவே தரை சற்றுச் சரிவாகவும், வடிகாலோடும் அமைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கும் நம் பகுதியில் லாயத்தை மேட்டில் கட்டுவது அவசியம். நாள்தோறும் சாணத்தை அள்ளி, ஈக்கள் அண்டாதவாறு தொலைவில் குவிக்க வேண்டும். நனைந்த படுக்கையை அகற்றி, உலர்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும்.

வைக்கோலிலும் கவனம் தேவை. மழையில் நனைந்த குறுவை வைக்கோல் பூஞ்சை பிடிக்கும். தை மாதத்துச் சம்பா வைக்கோல் நன்கு காய்ந்திருக்கும். பூஞ்சைத் தூசு குதிரைக்கு இருமலைத் தரும். கெட்ட தீனியை உண்டுவிட்டால் அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. வயிற்றுவலியால் புரண்டு மடியும். நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தூய நீர் வேண்டும். காற்று வர வேண்டும், சாரல் வரக்கூடாது. படுத்தெழ, ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம் வேண்டும்.

‘எங்களிடம் குதிரை ஏது?’ என்று கேட்கலாம். ரயிலடியில் குதிரை வண்டிகள் நின்ற காலம் முதியோர் நினைவில்தான் உள்ளது. ஆனால் நம் கொல்லைகளில் பசு நிற்கின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாங்கும் குர்பானி ஆடு, மாடியிலும் சந்திலும் நாட்கணக்கில் கட்டப்படுகின்றது. அது நிற்கும் இடம் நிழலா, வெயிலா? காலடி உலர்ந்துள்ளதா? கயிறு கழுத்தை இறுக்குகின்றதா? இறைவனுக்கென நிய்யத்து வைத்த பிராணியை அசுத்தத்தில் நிறுத்தலாமா? இன்று வீடு திரும்பியதும் ஒருமுறை சென்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, துடைப்பத்தை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரிடமும் இரக்கத்தோடு நடந்து, அமானிதம் பேணிய நன்மக்களாய் மறுமையில் எழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.