பறவை காணப் புறப்படுவோம்

பறவைகளைக் காண வேண்டுமாயின் வேடந்தாங்கலுக்கோ கோடிக்கரைக்கோ சென்றாக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்விடங்களுக்குச் செல்வது நன்றே. ஆனால், மின்சார ரயிலும் பேருந்தும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் இச்சென்னை மாநகரின் நடுவிலேயே பறவைகள் வாழ்வதற்கும், வந்து தங்கிச் செல்வதற்கும் ஏற்ற இடங்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. கிண்டி தேசியப் பூங்கா, அடையாற்றின் கரையிலுள்ள பிரம்மஞான சபையின் தோப்பு, ஆற்றின் கழிமுகம், அதனை அடுத்த தொல்காப்பியப் பூங்கா, தெற்கே நன்மங்கலம் காப்புக்காடு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று அவற்றை வரிசையாக எண்ணிச் சொல்லலாம்.

இத்தகைய இடங்களுக்கு, விவரம் அறிந்த ஒருவர் வழிகாட்ட, விடியற்காலையில் சிறு குழுவாகச் சென்று பறவைகளைக் கண்டு வரும் வழக்கம் நம் நகரில் நெடுநாளாக உண்டு. 1978ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் நாச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி என்னும் இயற்கையாளர் சங்கம் இவ்வகையில் அரும்பணி ஆற்றியிருக்கிறது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர் சிலரை இவ்வாறு அழைத்துச் செல்கிறேன். இதனால் விளையும் பயன் யாது என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த நெறிகளுள் ஒன்று. ஆகவே, என் முதற்பாடம் பூங்காவிற்கு உள்ளே தொடங்குவதில்லை. வாயிலுக்கு வெளியே, தேநீர்க் கடைக்கு அருகில் தொடங்கும். பாடப்பொருள் காகம். “காகத்தின் கழுத்து என்ன நிறம்?” என்று கேட்பேன். “கறுப்பு” என்று எல்லோரும் ஒரே குரலில் விடையளிப்பர். “எதிரே நிற்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள்” என்பேன். சிறிது நேரம் அமைதி நிலவும். பிறகு யாராவது ஒருவர், “ஐயா, சாம்பல் நிறம்” என்பார். ஆம், நம் வீட்டு வாயிலில் சோற்றுக்காகக் காத்திருக்கும் ஊர்க்காகத்தின் கழுத்து சாம்பல் நிறமே. உடல் முழுதும் கறுத்திருப்பது அண்டங்காக்கை. நாள்தோறும் கண்ணிற் பட்ட ஒரு பறவையை அவர்கள் அன்றுதான் உண்மையாகக் காண்கிறார்கள். பார்த்தல் வேறு, காணல் வேறு என்பதை விளக்க இதனினும் எளிய பாடம் ஒன்றை நான் அறியேன்.

காகத்திலிருந்து குயிலுக்குச் செல்வது அடுத்த படி. குயிலின் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது காகமே அன்றோ? ஆண் குயில் கன்னங்கரியது. கண் மட்டும் சிவந்திருக்கும். பெண் குயிலோ பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்தது. இவ்விரண்டையும் வெவ்வேறு இனப் பறவைகள் என்று எண்ணுவோர் பலர். இனிமையாகக் கூவுவது ஆணே. பெண்ணின் குரல் ‘கிக் கிக்’ என்று விட்டு விட்டு ஒலிக்கும்.

அதன்பின் நீர்க்கரைக்குச் செல்கிறோம். அங்கே சேற்றோடு சேறாக, பழுப்பு நிறத்தில் ஒரு கொக்கு அசையாது நிற்கும். அருகில் செல்லும் வரையில் நம்மைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளாது. அதனால் மக்கள் அதற்குக் குருட்டுக்கொக்கு என்று பெயரிட்டனர். மடையான் என்பதும் அதுவே. அது சட்டென்று எழுந்து பறக்கும்பொழுது சிறகுகள் பால் போல் வெளுத்துத் தோன்றும். இருந்த பறவை ஒன்று, பறந்த பறவை வேறொன்று என்று மயங்கும்படி இருக்கும். மடித்த சிறகின் நிறத்தை மட்டும் கண்டு ஒரு பறவைக்குப் பெயரிட்டுவிடக் கூடாது என்பதை மாணவர் இங்கே கற்றுக்கொள்கின்றனர்.

இப்பயணத்தில் வழிகாட்டியின் கடமை யாது? பறவையின் பெயரை உடனே சொல்லிவிடுவது அன்று. பெயரைச் சொன்னவுடன் மாணவர் பார்ப்பதை நிறுத்திவிடுவர். இது வகுப்பறையிலும் நாம் கண்ட உண்மையே. ஆதலால் முதலில் வினாக்களே எழ வேண்டும். அளவு என்ன? சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு எத்தகையது? தானியத்தை உடைக்கும் குட்டையான அலகா, தேனை உறிஞ்சும் வளைந்த அலகா, மீனைப் பற்றும் நீண்ட அலகா? வால் அசைகின்றதா? தரையில் நடக்கின்றதா, தத்துகின்றதா? இவ்வளவுக்கும் விடை எழுதிய பின்னரே நூலைத் திறந்து படத்தோடு ஒப்பிட வேண்டும். 1941ஆம் ஆண்டில் வெளிவந்த சலீம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல், நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு இவ்வழியில் ஆசானாக விளங்கிற்று.

பறவை இருக்கும் இடத்தைச் சுட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. மரத்தைக் கடிகாரத்தின் முகமாகக் கொள்ள வேண்டும். உச்சி 12 மணி. வலப்பக்கம் 3 மணி. “வேப்பமரத்தில் 2 மணிக் கிளை” என்று மெல்லச் சொன்னால் அனைவரும் கண்டுகொள்வர். கையை நீட்டிக் கூச்சலிட வேண்டுவதில்லை. பைனாகுலர் என்னும் இருகண் நோக்கியில் 8 × 30 என்று பொறித்திருந்தால், அது பொருளை 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதும், அதன் முன் கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்பதும் பொருள். அதனைக் கொண்டு ஒருபோதும் கதிரவனை நோக்கலாகாது; கண் கெட்டுவிடும். குழுவிற்கு ஒன்று இருந்தாலும் போதும். ஒன்றும் இல்லாவிடினும் கண்ணும் காதும் இருக்கின்றன.

விதிகளும் சில உள. பளிச்சிடும் நிறத்தில் உடை வேண்டா. அனுமதி பெற வேண்டிய இடங்களில் முறைப்படி அனுமதி பெற்றே நுழைய வேண்டும். கூட்டை நெருங்கக் கூடாது; நாம் நின்று பார்க்கும் இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்; நாம் அகன்றதும் முட்டையைக் கவர்ந்துவிடும். கைபேசியில் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பதும் தகாது. எல்லைக்குள் பகைப் பறவை ஒன்று புகுந்துவிட்டது என்றெண்ணி அது உணவையும் குஞ்சையும் மறந்து அலைந்து களைத்துப் போகும்.

இனி, பருவத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். அக்டோபர் முதல் மார்ச் வரையில் நம் நகரத்திற்கு விருந்தினர் வருகின்றனர். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவை ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் தெற்கே பறந்து வருபவை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம்பெருக்கும் ஆறுமணிக் குருவி, அக்காலத்தில் கிண்டியின் புதர்களை வந்தடையும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ 6 மணிக்குச் சீழ்க்கை அடிப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் கொண்ட அவ்வழகிய பறவை, நெடுந்தூரம் பறந்த களைப்பினால் சில வேளைகளில் வீட்டு முற்றங்களில் வந்து விழுவதும் உண்டு. அதற்குத் தேவை ஒரு மாளிகை அன்று. சருகு மூடிய சிறிது நிலமும் நிழலும் மட்டுமே. சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டிக் காடு, நகரத்தின் நடுவே 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டதன் அருமையை இப்பறவையைக் கண்டவர் உணர்வர். நாரை வடக்கும் தெற்குமாகச் சென்று வருவதை நம் சத்திமுத்தப் புலவரும் அறிந்திருந்தார். அதன் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொல்ல வேண்டுமானால், அவர் அதனை எவ்வளவு நேரம் நின்று நோக்கியிருக்க வேண்டும்!

இப்பொழுது பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பயணம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. ஒரு தை மாதக் காலையில் பள்ளிக்கரணைக்குச் சென்றிருந்தோம். கல்லூரி மாணவர் ஒருவர், “பூநாரை, 1,000” என்று எழுதியிருந்தார். “எப்படி எண்ணினீர்?” என்று கேட்டேன். “நிறைய இருந்தன, ஐயா, ஆயிரம் இருக்கும் என்று தோன்றிற்று” என்றார். அடுத்து, எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி தன் ஏட்டைப் படித்தாள். “பெயர் தெரியாத பறவை, 2. மைனாவை விடச் சிறியது. பழுப்பு முதுகு. நீரோரத்தில் நடந்தது. பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது” என்று அதில் எழுதியிருந்தது. நான் அக்குழந்தையைப் பாராட்டினேன். அவள் எழுதிய அடையாளங்களைக் கொண்டு அது உள்ளான் வகையைச் சேர்ந்த பறவை என்று நாங்கள் அறிய முடிந்தது. அம்மாணவரோ மறுபடியும் கரைக்குச் சென்றார். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்டு, அந்த அளவைக் கொண்டு கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாக அளந்தார். 1,000 என்று எழுதியது 240 ஆயிற்று. அவர் முகம் வாடவில்லை. முன்னதை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதி, எண்ணிய முறையையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ஆயிரம் என்றால் என்ன, இருநூற்று நாற்பது என்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று கூட்டமாகச் சென்று பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் வேடிக்கை ஒன்று நடைபெற்று வந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் அறிஞர், சுடுவதற்கு மாறாக எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். அவ்வாண்டில் எண்ணியவர் 27 பேரே. அக்கணக்கு ஆண்டுதோறும் தொடர்ந்து, இன்று பறவைகளின் பெருக்கத்தையும் குறைவையும் அறிய உதவும் பெரிய சான்றாக நிற்கிறது.

ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு நீர்நிலை உலகச் சிறப்புடையதா என்று முடிவு செய்ய அது வகுத்த அளவுகோல்களுள் ஒன்று, அங்கே தவறாமல் 20,000 நீர்ப்பறவைகள் கூடுகின்றனவா என்பது. பார்த்தீர்களா? ஒரு நிலத்தின் தலைவிதியை உறுதி செய்வதில் பறவைக் கணக்கிற்கும் இடம் உண்டு. அக்கணக்கு பொய்யானால், நல்ல நிலத்திற்காகப் பேசுவோரின் சொல்லும் பொய்யாகிவிடும்.

பள்ளிக்கரணையின் கதையை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகக் கூறப்படும் அச்சதுப்பு நிலம், சாலைகளாலும் கட்டடங்களாலும் பெருங்குடிக் குப்பை மேட்டினாலும் சுருங்கிச் சிறுத்தது. தென் சென்னையின் பல ஏரிகளின் மிகுநீர் அதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்கிறது. நீருக்கு உரிய இடம் குறைந்தால் அது மனிதர் வீட்டினுள் புகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னை மக்களுக்கு உணர்த்திற்று. 2007ஆம் ஆண்டில் எஞ்சிய நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பயனற்ற புறம்போக்கு என்று ஒருவர் கைவிட்டுப் பேசிய இடத்தை, இத்தனை வகைப் பறவைகள் இத்தனை எண்ணிக்கையில் வாழும் இடம் என்று மற்றொருவரால் சொல்ல முடிகிறது. கரையில் நின்று பொறுமையோடு எண்ணியவர்கள் இருந்ததால்தான் அது முடிகிறது.

ஆகவே, பெற்றோரின் வினாவிற்கு நான் கூறும் விடை இது. பறவை காணச் செல்லும் மாணவர், கண்டதைக் கண்டபடி சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று எழுதவும், எழுதியது பிழையெனில் நாணாமல் திருத்தவும் பழகுகின்றனர். இப்பழக்கம் தேர்வுத் தாளிலும் உதவும். பிற்காலத்தில் அவர்கள் பொறியாளராகவோ மருத்துவராகவோ அதிகாரியாகவோ அமரும் நாற்காலியிலும் உதவும்.

மாணவ மாணவியரே, தொடங்குவதற்குப் பெரிய பூங்காவும் வேண்டா. உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு வேப்பமரமோ புங்கமரமோ இருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அதன் கீழ் 15 நிமிடம் அமைதியாக நில்லுங்கள். வந்த பறவைகளை எல்லாம், காகம் உட்பட, நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெற்று வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இம்முறையைத்தான் கேட்கிறது. அதில் நீங்களும் கலந்துகொள்ளலாம். ஓராண்டு முடிந்ததும் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, எது வராமற்போயிற்று என்று உங்கள் மரத்தைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத செய்தி உங்கள் கையெழுத்தில் இருக்கும். நாளை அம்மரத்தை வெட்ட யாரேனும் கோடரியுடன் வந்தால், அவரிடம் காட்டுவதற்கு அந்த ஏடு உங்களிடம் இருக்கட்டும்.