ஏதிலியின் சொல்லும் அலுவலரின் ஏடும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அகதி என்பது வடசொல். ஏதிலி என்றே நான் சொல்லப் போகிறேன். சொல்லை மாற்றியதால் மட்டும் அவன் துயர் தீராது என்பதையும் அறிவேன்.

1951-ஆம் ஆண்டுச் செனீவா உடன்படிக்கை ஏதிலி யார் என வரையறுத்தது. இனம், சமயம், நாட்டினம், குமுகப் பிரிவு, அரசியற் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று அடிப்படையுள்ள அச்சங்கொண்டு தம் நாட்டுக்கு வெளியே நிற்பவர் ஏதிலி. அச்சத்திற்கு அடிப்படை உண்டா என்று அளப்பவர் யார்? அளப்பது அரசு, அளவுகோலும் அரசின் கையில்.

1987-இல் பிரித்தானியாவில் புகலிடம் வேண்டிய ஈழத்தமிழர் சிலரின் வேண்டுகையை அந்நாட்டு உள்துறை மறுத்தது. அவ்வாண்டு திசம்பரில் மேலவையின் முறைமன்றம், உள்ளத்தில் அச்சம் இருந்தால் மட்டும் போதாது, துன்புறுத்தப்படும் வாய்ப்பு உண்மையிலேயே இருத்தல் வேண்டும் என்று அரசின் பக்கம் தீர்த்தது. 1988 பிப்பிரவரியில் அவர்களுள் ஐவர் இலங்கைக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

மேன்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஆனால் பிரித்தானியாவை விட்டு வெளியேறிய பின்னரே! எந்த மண்ணைக் கண்டு அஞ்சினார்களோ அந்த மண்ணிலேயே இருந்துகொண்டு, தம் அச்சம் மெய்யென்று இலண்டனுக்கு மெய்ப்பிக்க வேண்டும். புலிக்குகையிலிருந்து புலிக்கு அஞ்சுகிறேன் என்று மடல் எழுதச் சொல்வது போன்றது இது. 1989 மார்ச்சில் மேன்முறையீட்டு நடுவர், அவர்தம் அச்சம் அடிப்படையுள்ளதே என்று முடிவுசெய்தார். அக்டோபரில் ஐவரும் பிரித்தானியாவுக்குத் திரும்பினர். அப்படியிருந்தும் 1991-இல் ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம், பிரித்தானியா உரிமை எதையும் மீறவில்லை என்றே பெரும்பான்மையால் தீர்த்தது. நாட்டிற்குள் இருந்தவாறே முறையிடும் உரிமை 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பொதுவாக வந்தது.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இவ்வழக்குகளில் எழுத்துச் சான்று அரிது. உயிர்தப்பி ஓடுபவன் சான்றிதழ் பெற்றுக்கொண்டா ஓடுகிறான்? அவன் வாய்ச்சொல்லே சான்று. அச்சொல்லும் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகவே ஏட்டில் ஏறும். “அண்ணனைப் படையினர் பிடித்துச் சென்றனர்” என்கிறான். உடன்பிறந்தான் என்று எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த உசாவலில் “பெரியப்பா மகன்” என்கிறான். நமக்கு இரண்டும் ஒருவரே. ஆங்கில ஏட்டிலோ இருவர்! முன்னுக்குப்பின் முரண், ஆகவே நம்பத்தக்கவனல்லன் என்று எழுத அலுவலருக்கு அது போதும். குடும்பப்பெயர் என்னும் கட்டத்தில் தந்தை பெயரை எழுதுவதா, தன் பெயரை எழுதுவதா என்று தடுமாறுகிறவன் நிலையும் இதுதான்.

நம் உறவுப்பெயர்கள், பெயரிடும் முறை, ஊர்வழக்குகள் ஆகியவற்றை விளக்கும் சிறு கையேடு ஒன்று மொழிபெயர்ப்பாளர் கையிலும் வழக்குரைஞர் கையிலும் இருத்தல் வேண்டும். யாழ்ப்பாண வழக்கையும் மட்டக்களப்பு வழக்கையும் தனித்தனியே காட்டி அதை எழுதும் புலவர்கள் இந்த அவையிலேயே உள்ளனர். அடுத்த திங்கட் கூட்டத்திற்கு முன் மூவர் பெயர் தருவீர்களாயின், உறவுப்பெயர்ப் பகுதியை நானே எழுதத் தொடங்குகிறேன்.